சந்தேகத்தைத் தேய்த்து அனுப்பிய கதை

ஊருக்குப் போகும்போது ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா? மதுரை, தூத்துக்குடி, சேலம் பக்கத்து ஆட்களிடம் இந்தக் கேள்வியே கேட்க வேண்டாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பக்கத்திலேயே பெரிய ஃபேன் மாதிரி ப்ரொப்பெல்லர் சுற்றும். குழந்தைகளுக்கு ஒரே குஷி. தங்கமணிகளுக்கு ஒரே கிலி. "இது எல்லாம் பழைய பஸ் மாதிரி இருக்கே, பத்திரமா போய்ச் சேருமா?" என்ற கேள்விக்கு நம்மில் பலரும் பதில் சொல்லியிருப்போம்.

இந்தப் பதிவு அந்த ஃபேனின் ஒரே ஒரு பிளேடைப் பற்றியது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நான் புனேயில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் க்வாலிட்டி பிரிவில் குப்பை கொட்டுகிறவன். விரிசல் தேடுவதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று ஒன்று உண்டென்றால், என்னைப் பொறுத்தவரை அது 1995-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வைக்கோல் வயலில் விழுந்து இறங்கிய சின்ன விமானத்தின் கதை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பிளேடுக்குள் ஒரு ஓட்டை

விமானத்தின் பெயர் எம்ப்ரேயர் 120 பிரேசிலியா. பிரேசில் தயாரிப்பு. 30 பேர் உட்காரலாம். இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றுக்கும் நான்கு பிளேடு ப்ரொப்பெல்லர். ப்ரொப்பெல்லர் செய்தது ஹாமில்டன் ஸ்டாண்டர்டு என்ற அமெரிக்க நிறுவனம். அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

அந்த பிளேடின் முதுகெலும்பு ஒரு அலுமினியக் கலப்பு உலோகத் தண்டு. அதன் மேல் ஃபைபர் போர்த்தி பிளேடின் வடிவம் கொடுத்திருப்பார்கள். தண்டின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே போகப் போகக் குறுகும் ஒரு ஓட்டை துளைத்திருக்கும். எதற்கு? ஒன்று, எடை குறைய. இன்னொன்று, பேலன்ஸ் செய்ய. நம் ஊர் டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டுவார்கள் இல்லையா, அதே கணக்கு. இங்கே பஞ்சு மாதிரி இருக்கும் ஈய இழையை ஓட்டைக்குள் அடைப்பார்கள். அது வெளியே வராமல் இருக்க ஒரு கார்க். பாட்டில் மூடுகிற அதே கார்க்தான்.

வில்லன் இந்தக் கார்க்தான் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கார்க்கைக் குளோரின் போட்டு ப்ளீச் செய்திருந்தார்கள். கார்க்கில் தங்கிய குளோரினும் ஈரமும் சேர்ந்து ஓட்டையின் உள்சுவரை மெதுவாக அரிக்க ஆரம்பித்தன. கண்ணுக்கு லேசில் தெரியாத சின்னச் சின்னக் குழிகள்.

குழி சின்னதுதானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். பத்துப் பதினைந்து தடவையில் பட்டென்று உடையும். இழுத்து உடைக்க முடியாத கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் உடைகிறது. நாங்கள் இதை ஃபெட்டீக் என்போம். ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. சுற்றும்போதெல்லாம் பிளேடு கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. வழவழப்பான உலோகம் அதைத் தாங்கும். ஒரு குழி இருந்தால் பாரம் எல்லாம் அந்த இடத்தில் வந்து கூடும். அங்கே விரிசல் பிறக்கும். பிறகு காலம் மட்டும்தான் தேவை.

1994: முதல் எச்சரிக்கைகள்

1994 மார்ச் மாதத்தில் ஒரே மாதத்துக்குள் இரண்டு சம்பவங்கள். கனடாவில் ஒரு ஏ.டி.ஆர். 42, பிரேசிலில் ஒரு பிரேசிலியா. இரண்டிலும் பறக்கும்போது ஒரு ப்ரொப்பெல்லர் பிளேடு முறிந்து போனது. இரண்டும் எப்படியோ பத்திரமாகத் தரையிறங்கிவிட்டன. முறிந்த பிளேடுகளை ஆராய்ந்தபோதுதான் கார்க், குளோரின், குழி, விரிசல் என்ற சங்கிலி வெளியே வந்தது.

உலகம் முழுக்க இதே வகை பிளேடுகள் ஏறக்குறைய 15,000 இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், எஃப்.ஏ.ஏ., ஒரு உத்தரவு போட்டது: எல்லா பிளேடுகளையும் அல்ட்ராசோனிக் முறையில் பரிசோதிக்க வேண்டும்.

அல்ட்ராசோனிக் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் இருக்கிறதே, அதே தத்துவம். காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்புவோம். உள்ளே விரிசல் இருந்தால் அதில் பட்டு எதிரொலி திரும்பும். திரையில் ஒரு கூர்முனை எழும்பும். எவ்வளவு உயரம் எழும்பினால் பீஸை ரிஜெக்ட் செய்ய வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டைத் தாண்டினால் நிறுத்து. அவ்வளவுதான்.

அட்லாண்டிக் சவுத்ஈஸ்ட் ஏர்லைன்ஸ் என்பது அட்லாண்டாவைச் சுற்றியுள்ள சிறு ஊர்களுக்குச் சேவை நடத்திய நிறுவனம். அவர்களிடமிருந்த ஒரு பிளேடு அந்த 1994-ம் வருடச் சோதனையில் கோட்டைத் தாண்டியது. சரியாகக் கழற்றினார்கள். சரியாகத் தயாரிப்பாளருக்கே அனுப்பினார்கள். இதுவரை எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ராக் ஹில்

தென் கரோலினா மாநிலத்தில் ராக் ஹில் என்ற ஊர். ஹாமில்டன் ஸ்டாண்டர்டின் சர்வீஸ் சென்டர் அங்கே இருந்தது. வயலில் இருந்து களத்துக்கு நெல் வருவது மாதிரி அங்கே பிளேடுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

வந்தவற்றில் ஒரு விசித்திரம். பல பிளேடுகளில் அல்ட்ராசோனிக் "ஏதோ இருக்கிறது" என்கிறது. ஓட்டைக்குள் போரோஸ்கோப் விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போரோஸ்கோப் என்பது டாக்டர்கள் வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்பின் தம்பி.

இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. சில பிளேடுகளின் ஓட்டைச் சுவரில் ஷாட் பீனிங் செய்திருந்தார்கள். சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்கும் முறை. உலோகத்துக்கு நல்லது, ஆனால் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பே பொய் எதிரொலி தருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட பிளேடுகளில் அந்த இடத்தை மட்டும் மணல்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்தால் பொய் எதிரொலி போய்விடும். பிளேடு மறுபடி வேலைக்குப் போகலாம். இதுவரை நியாயமான விஷயம்தான்.

அடுத்த படிதான் வினை. ஷாட் பீனிங் செய்யாத பிளேடுகளுக்கும் இதே தேய்ப்பு வைத்தியத்தை அனுமதித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சொரசொரப்பே இல்லாத சுவரில் பொய் எதிரொலி வர என்ன காரணம்? காரணம் இல்லை என்றால் அந்த எதிரொலி பொய் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்வியை யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

நம் பிளேடு ஷாட் பீனிங் செய்யாத வகை. டெக்னீஷியன் ஒருவர் போரோஸ்கோப்பில் பார்த்தார். அரிப்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. செயல்முறைப்படி அந்த இடத்தைத் தேய்த்தார். பிளேடு மறுபடி சேவைக்கு அனுப்பப்பட்டது. பின்னாளில் பரிசோதனைக்கூடத்தில் பார்த்தபோது முறிந்த இடத்தில் அந்தத் தேய்ப்புத் தடங்கள் அப்படியே இருந்தன. விரிசலின் விதை அவர் கையில் இருந்த நாளிலேயே உள்ளே இருந்திருக்கிறது. தேய்ப்பினால் விரிசல் போகவில்லை. விரிசல் இருப்பதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மேற்பரப்பு அடையாளங்கள்தான் போயின.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் இது எவ்வளவு இயல்பாக நடக்கக்கூடிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கிராங்க்ஷாஃப்டில் ஒரு கோடு தெரியும். விரிசலா, வெறும் கீறலா? பக்கத்திலேயே கிரைண்டர் இருக்கும். லாரி கேட்டில் நிற்கும். "சல்தா ஹை, ஹல்கா சா மார் தோ" என்று ஒரு குரல் வரும். லேசாக ஒரு தேய்ப்பு, கோடு காணாமல் போகும். அந்தத் தேய்ப்பு பழுதை நீக்கியதா, பழுதின் சாட்சியை நீக்கியதா என்பது அடுத்துப் பார்ப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் காரணம் தெரியாத பீஸ் சிவப்புப் பெட்டியைத் தாண்டக் கூடாது என்று எங்களுக்கு முதல் நாளிலிருந்து சொல்லித் தருகிறார்கள். மெஷின் தவறாகச் சொல்லலாம். ஆனால் ஏன் தவறாகச் சொன்னது என்று எழுதாமல் அதைத் தவறு என்று ஒதுக்கக் கூடாது.

ராக் ஹில் டெக்னீஷியனை வில்லன் ஆக்க நான் தயாரில்லை. அவர் ஒன்றும் ஏமாற்றவில்லை. கையில் கொடுத்த தாளில் இருந்ததைச் செய்தார். அந்தத் தாளை எழுதியவர்களுக்கும், அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும், அனுமதி கொடுத்தவர்களுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது.

1995 ஆகஸ்ட் 21

பிளேடு மறுபடி ஒரு பிரேசிலியாவின் இடது எஞ்சினில் ஏறியது. பிறகு 2,000-க்கும் மேற்பட்ட முறை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் விரிசல் தலைமுடி அளவு வளர்ந்துகொண்டே இருந்தது.

1995 ஆகஸ்ட் 21, திங்கள்கிழமை. அட்லாண்டாவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட்டுக்குப் போகும் 529-ம் எண் விமானம். பகல் 12:23-க்குக் கிளம்பியது. 26 பயணிகள், இரண்டு விமானிகள், ஒரு பணிப்பெண். மொத்தம் 29 பேர். கேப்டன் எட் கன்னவே, துணை விமானி மேட் வார்மர்டாம், பணிப்பெண் ராபின் ஃபெக்.

18,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது இடது ப்ரொப்பெல்லரின் ஒரு பிளேடு முறிந்து பறந்தது.

வழக்கமாக இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால் இன்னொன்றை வைத்துச் சமாளித்து இறங்கிவிடலாம். அதற்காகத்தான் விமானிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி. ஆனால் இங்கே நடந்தது வேறு. ஒரு பிளேடு போனவுடன் சமநிலை போய், மீதி மூன்றும் பேய் பிடித்த மாதிரி உதறின. எஞ்சினே தன் பிடிமானங்களிலிருந்து பிய்த்துக்கொண்டது. உடைந்த ப்ரொப்பெல்லர் இறக்கையின் முன்விளிம்பில் சிக்கி நின்றது. ஜன்னல் வழியாகப் பயணிகளுக்கே அது தெரிந்தது. காற்றில் ஒரு மதிலைத் தூக்கிக் குறுக்கே பிடித்த மாதிரி. வலது எஞ்சின் நன்றாக ஓடியும் விமானத்தால் உயரத்தைப் பிடித்து நிற்க முடியவில்லை.

முதலில் அட்லாண்டாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். முடியாது என்று தெரிந்ததும் அருகிலிருந்த வெஸ்ட் ஜார்ஜியா விமான நிலையத்தைக் கேட்டார்கள். கீழே மேகம். மேகத்தை விட்டு வெளியே வந்தபோது தரை மிக அருகில். ஓடுபாதை எட்டும் தூரத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த திறந்த வெளியை நோக்கித் திருப்பினார்கள். மரங்களை உரசி, கரோல் கவுண்டியில் ஒரு வைக்கோல் வயலில் விமானம் விழுந்து சறுக்கி உடைந்து நின்றது. பிளேடு முறிந்ததிலிருந்து தரையைத் தொட்டது வரை 9 நிமிடம் 20 நொடி.

அந்த ஒன்பது சொச்ச நிமிடத்தில் கேபினுக்குள் நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ராபின் ஃபெக்குக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. காக்பிட்டில் அவர்களுக்கு மூச்சு விடவே நேரம் இல்லை. அவர் சீட் சீட்டாகப் போனார். தலையை எப்படிக் குனிய வேண்டும், எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். செய்து காட்டச் சொல்லிச் சரிபார்த்தார். ஜன்னலில் மரத்தின் உச்சி தெரிந்தபோதுதான் நேரம் முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. குனியுங்கள் என்று கத்தினார்.

29 பேரும் அந்த மோதலில் உயிர் பிழைத்தார்கள். நம்ப முடிகிறதா? பிறகுதான் தீ பிடித்தது. கேப்டன் கன்னவேயும் பயணிகள் பலரும் தீயால் இறந்தார்கள். சிலர் அன்றே, சிலர் மருத்துவமனையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போராடி. துணை விமானி காக்பிட்டில் மாட்டிக்கொண்டு சின்னக் கோடாலியால் உள்ளேயிருந்து பக்கக் கண்ணாடியை வெட்டினார். வெளியே தப்பியிருந்த ஒரு பயணி ஓடிவந்து அதே கோடாலியை வாங்கி வெளியேயிருந்து உதவினார். கடுமையான தீக்காயங்களோடு மீட்கப்பட்ட அவர் பல வருடச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி விமானம் ஓட்டத் திரும்பினார். ராபின் ஃபெக் தானும் காயப்பட்ட நிலையில் மற்றவர்களைத் தீயிலிருந்து விலக்கி இழுத்தார். பெரும்பாலோர் பிழைத்ததற்கு அவரும் ஒரு காரணம்.

ஒரு பக்கம், ஒரு வருடம் முன்பு நிதானமாக உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்த இடத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. இன்னொரு பக்கம், நேரமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்த ஒரு பெண். ராக் ஹில்லின் கடனை அந்த வயலில் இவர்கள்தான் அடைத்தார்கள்.

தீர்ப்பு

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1996-ல் அறிக்கை கொடுத்தது. அரிப்புக் குழிகளிலிருந்து பிறந்த ஃபெட்டீக் விரிசலால் பிளேடு முறிந்தது. ஹாமில்டன் ஸ்டாண்டர்டின் பரிசோதனை முறை, பழுது பார்க்கும் முறை, பயிற்சி, ஆவணங்கள், தகவல் பரிமாற்றம் எல்லாமே போதாமல் இருந்ததால் அந்த விரிசல் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் முக்கியமான முடிவு. பிளேடுகளை விமானத்தில் வைத்தபடியே குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி அல்ட்ராசோனிக் செய்யக் கட்டாயப்படுத்தாததற்காக நிறுவனத்தையும் எஃப்.ஏ.ஏ.-வையும் சேர்த்தே குறை சொன்னது. காக்பிட்டில் வைக்கும் கோடாலி எப்படி இருக்க வேண்டும் என்பது வரை அறிக்கை பேசியது.

அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். முறை, பயிற்சி, ஆவணம், தகவல் பரிமாற்றம். "டெக்னீஷியன் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் முடித்து ஃபைலை மூடவில்லை. நம் ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் ஒரு கேங்மேனையோ லைன்மேனையோ சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தானே மறு வேலை?

47 ஸ்க்ரூ

இதே பிரேசிலியா வகையில் நாலு வருடம் முன்பு நடந்த இன்னொரு விபத்தையும் சொன்னால்தான் படம் முழுமையாகும். 1991 செப்டம்பர் 11. டெக்சாஸில் லரேடோவிலிருந்து ஹூஸ்டன் போன கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. ஹூஸ்டனில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது வால் இறக்கையின் இடது முன்விளிம்பு பிய்ந்து, விமானம் காற்றிலேயே சிதறியது. 14 பேரும் இறந்தார்கள்.

முந்தின இரவு ஹேங்கரில் வால் இறக்கையின் பனி நீக்கும் ரப்பர் உறைகளை மாற்றும் வேலை. மாலை ஷிஃப்டில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டரே உதவிக்கு மேலே ஏறி, இரண்டு பக்கமும் மேல்வரிசை ஸ்க்ரூக்களைக் கழற்றினார். இரவு ஷிஃப்ட் வந்தது. வலது பக்கத்தை மட்டும் முடிக்கத்தான் நேரம் இருந்தது. இடது பக்கத்தை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டார்கள். இடது பக்கத்தில் ஏற்கெனவே மேல்வரிசை கழற்றியாகிவிட்டது என்பது அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நடுவில் வேறு விமானத்துக்கு இடம் வேண்டும் என்று இதை இருட்டில் வெளியே தள்ளி நிறுத்தினார்கள். அவ்வளவு உயரத்தில் இருக்கும் வாலின் மேல்பக்கம் கீழேயிருந்து தெரியாது. காலையில் 47 ஸ்க்ரூ இல்லாமல் விமானம் பறந்தது.

விசாரணை வாரியம் ஊழியர்களும் இன்ஸ்பெக்டர்களும் முறைகளைப் பின்பற்றாததே காரணம் என்றது. வாரிய உறுப்பினர்களில் ஜான் லாபர் என்பவர் மட்டும் இதை ஏற்கவில்லை. அவர் தனியாக மாறுபட்ட கருத்து எழுதி வைத்தார். முறைகளை மதிக்கும் பண்பாட்டை நிறுவனத்தில் உருவாக்காத நிர்வாகம்தான் விபத்துக்குக் காரணம் என்பது அவர் வாதம். ஒரே இரவில் இத்தனை பேர் இத்தனை விதிகளை மீறுகிறார்கள் என்றால் அங்கே மீறுவதுதான் வழக்கம் என்று அர்த்தம் என்பதை அவர் புரிந்துகொண்டார். இன்று விமானப் பராமரிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த விபத்து ஒரு பாடம். ஷிஃப்ட் மாறும்போது செய்து முடித்ததை மட்டும் இல்லை, செய்யாமல் விட்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

47 ஸ்க்ரூ கதையில் வேலை பாதியில் நின்றது. பிளேடு கதையில் வேலை முழுசாக முடிந்தது, ஆனால் தப்பான வேலை. இரண்டிலும் ஒரு தகவல், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சொன்னார், கேட்டார்கள்

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். இது நல்லபடியாக முடிந்தது. 2021 மே 6. நாக்பூரிலிருந்து நோயாளி ஒருவரோடு ஒரு ஏர் ஆம்புலன்ஸ் கிளம்பியது. பீச்கிராஃப்ட் சி90 என்ற குட்டி விமானம். இரண்டு விமானிகள், நோயாளி, உறவினர், டாக்டர் என்று ஐந்து பேர். ஓடுபாதையில் கிளம்பும்போதே ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. அதைப் பார்த்தவர் காவலுக்கு நின்ற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர். அவர் இன்ஜினியர் இல்லை. விமானம் அவர் பொறுப்பு இல்லை. ஆனாலும் பார்த்ததை உடனே சொன்னார். தகவல் மேலே போய், விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். ஓடுபாதையில் நுரை பரப்பி வைத்தார்கள். சக்கரங்களை இறக்காமல் வயிற்றிலேயே தரையிறக்கினார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

சக்கரம் கழன்றது பற்றி நிறைய பேர் பேசினார்கள். எனக்கு அந்தக் காவலர்தான் நினைவில் நிற்கிறார். கண்ணில் பட்டதை "நமக்கெதுக்கு வம்பு" என்று விடவில்லை. அதைவிட முக்கியம், அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டார்கள். 1994-ல் அல்ட்ராசோனிக் மெஷினும் இதையேதான் செய்தது. பார்த்ததைச் சொன்னது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதே நாக்பூரில்தான் என் அக்கா மகன் விமானப் பராமரிப்பு படித்துவிட்டு இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ராத்திரி ஷிஃப்ட். அக்காவுக்கு அவன் சாப்பாட்டைப் பற்றிய கவலை. எனக்கு வேறு கவலை. போன மாதம் போனில் அவன் கேட்டான்: "மாமா, சீனியர் ஒருத்தர் சரியாத்தான் இருக்கு, சைன் பண்ணுனு சொன்னா, எனக்கு மட்டும் சந்தேகமா இருந்தா என்ன பண்றது? புதுப்பையன் பேச்சை யார் கேப்பா?"

நியாயமான கேள்வி. வெளியூரில், பாஷை புரியாத இடத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள கேள்வி. பொறுமையாகக் கேட்டால் "மதராஸி ரொம்பப் பேசறான்" என்பார்கள். பேசாமல் இருந்தால் கையெழுத்து நம்முடையது.

நான் அவனுக்கு வீரவசனம் எதுவும் சொல்லவில்லை. மூன்று விஷயம் சொன்னேன். சந்தேகம் வந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்தாதே, தாளில் எழுது. எழுதினதுக்குத்தான் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். சீனியர் சரி என்றால் "ஏன் சரி?" என்று மரியாதையாகக் கேள், நல்ல சீனியர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார், சொல்ல முடியாதவருக்கே தெரியாது என்று அர்த்தம். மூன்றாவது, காரணம் புரியாத எதையும் தேய்த்துச் சுத்தமாக்காதே.

பிறகு இந்த வைக்கோல் வயல் கதையைச் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்த டெக்னீஷியனுக்கு, தான் தேய்ச்ச பிளேடுதான் அதுன்னு தெரிஞ்சப்போ எப்படி மாமா இருந்திருக்கும்?"

அந்தக் கேள்வி அவனுக்கு வந்ததே எனக்குப் போதும். அக்காவிடம் சொல்லிவிட்டேன், பையன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான், கவலைப்படாதே என்று.